பால்சா மரமும் பழைய ஏர்போர்ட் ரோடும்

இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம் முதன்முதலாக வானேறியபோது அதில் இஞ்சினே இல்லை. உடம்பு முழுக்க மரம். பின்னால் ‘மருத்’ என்று பெயர் பெற்ற எச்.எஃப்-24-இன் அதே நீளம், அதே இறக்கை, அதே வால், இரண்டு இருக்கை. எக்ஸ்-241 என்று அதற்குப் பெயர். 1959-இல் ஒரு டகோட்டா விமானம் இந்த மரக் கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதையிலிருந்து மேலே போனது. உயரத்தில் கயிற்றை விட்டதும் அது காற்றில் சறுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. இப்படி 86 முறை பறந்த பிறகு, இறங்கும்போது சக்கரக்கால் ஒன்று விரியாமல் பலத்த அடிபட்டு ஓய்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றிருந்த குர்ட் டேங்க்கின் குழு அந்த 86 பறப்புகளில் கற்றுக்கொண்டதை வைத்து மேலே போயிற்று. 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் நிஜ மருத்தை ஓட்டினார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், பழைய ஏர்போர்ட் ரோட்டை ஒட்டிய எங்கள் முருகேஷ்பாளையா வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். பதினெட்டு வயதில் எச்.ஏ.எல்.லில் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, மரவேலை ஷாப்பில் தொழில் பழகி, பிறகு உலோகத்துக்கு மாறி, ஓய்வு பெற்றவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் ‘சார்’ என்பார். சுரஞ்சன் தாஸ் ரோட்டில் ஆட்டோ ஏறும்போதெல்லாம் ஓட்டுநரிடம் “இந்த ரோட்டுப் பேரு யாரோடது, தெரியுமா?” என்று கன்னடத்தில் கேட்பது அவருக்கு வழக்கம். யாருக்கும் தெரிந்ததில்லை. 1970 ஜனவரியில் இன்னொரு வகை மருத்தைச் சோதித்தபோது விழுந்து இறந்தவர் என்று இறங்கும்வரை பாடம் நடக்கும்.

2008 மே மாதம் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் எல்லாம் தேவனஹள்ளியின் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. அதுவரை எங்கள் தெருவில் போனில் பேசுகிறவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, விமானம் போனதும் மீதியைச் சொல்லுவார்கள். திடீரென்று மேலே ஒன்றுமில்லை. எச்.ஏ.எல். சோதனைப் பறப்புகள் மட்டும் எப்போதாவது. தெருவே நிம்மதியாகத் தூங்கியது. மாமா மட்டும் தூக்கம் கெட்டுப்போனதாகப் புலம்பினார். அடுத்த ஆண்டு என் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சிறுவயதில் நான் காகித விமானம் விட்டுக்கொண்டே இருந்ததை நினைவு வைத்திருந்தானாம். அயோவா மாநிலத்தின் மான்டெசூமா என்ற சிற்றூரில் இருக்கும் சிக் நிறுவனத்தின் ‘காடெட் எல்டி-40’. ரேடியோவில் இயங்கும் பயிற்சி விமானம். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 70 அங்குலம். என் உயரத்தைவிட அதிகம்.

பெட்டியைத் திறந்தால் விமானம் இல்லை. பலகைத் தாள்கள், குச்சிகள், லேசரில் வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், ஒரு பை நிறையத் திருகாணிகள், விரித்தால் கட்டிலை மூடும் வரைபடம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது உடைஞ்சே வந்திருக்கே?” என்றாள். மாமா ஒரு தாளை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிறகு கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து லேசாக வளைத்தார். “பால்சா. நிஜ பால்சா” என்றார்.

பால்சா தென் அமெரிக்க மரம். உலகச் சந்தைக்கு வருவதில் மிகப் பெரும் பகுதி ஈக்வடாரில் விளைகிறது. ஆறேழு வருடத்தில் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும். தேக்கு ஒரு கன மீட்டர் அறுநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். பால்சா சுமார் 160 கிலோதான். தாவரவியல் கணக்கில் இது வன்மர வகையைச் சேர்ந்தது என்பது வேடிக்கை. பஞ்சு மாதிரி இருப்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போரில் மணிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்த பிரிட்டனின் மொஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்தின் உடல், இரண்டு ஒட்டுப்பலகைத் தோல்களுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்தது. அந்த விமானங்கள் இந்தியாவுக்கும் பர்மா போர்முனைக்கும் வந்தபோது ஒட்டு விட்டுப்போய் விபத்துகள் நடந்தன. முதலில் நம் ஊர் ஈரத்தின்மேல் பழி போட்டார்கள். பிறகு ஒட்டிய வேலையிலேயே குறை இருந்தது தெரிந்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். “வேலை சுத்தமில்லேன்னா வெயில் மேல, மழை மேல சொல்றது எல்லா ஷாப்லயும் உண்டு” என்றார்.

அவர் வீட்டு மாடியில் ஒரு பழைய ஃப்ளஷ் கதவு சும்மா கிடந்தது. அதை இரண்டு ஸ்டூல்மேல் படுக்க வைத்து, மேலே நோட்டீஸ் போர்டுக்குப் போடும் சாஃப்ட் போர்டு ஒன்றைப் பரப்பினோம். கதவு முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று இரண்டு ஓரத்திலும் ஸ்கேல் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மேசை கோணலாக இருந்தால் இறக்கை கோணலாகும். கோணல் இறக்கை ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க அதன்மேல் பாலிதீன் தாள் போட்டு, குச்சிகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்தினோம். கண்புரை தொடங்கிவிட்ட கண்ணால் அவருக்குக் குண்டூசி தெரியவில்லை. விரலால் தடவியே கண்டுபிடிப்பார்.

இறக்கைதான் எல்லாப் பாடமும் இருக்கும் இடம். இறக்கைக்கு நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு நீளக் குச்சிகள் ஓடும். ஸ்பார் என்று சொல்வார்கள். விலா எலும்பு போல ரிப்புகள் அவற்றில் வரிசையாக உட்காரும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது மேல் ஸ்பார் நசுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டும் தனித்தனியாக நின்றால் சீக்கிரமே ஒடிந்துவிடும். அதனால் ரிப்புக்கு ரிப்பு நடுவில், இரண்டு ஸ்பாரையும் சேர்த்துப் பிடிக்கும்படி மெல்லிய பால்சாத் துண்டுகளை ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுகளின் இழை நின்றவாக்கில் இருக்க வேண்டும், படுத்தவாக்கில் கூடாது. ஏன் என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. மிச்சக் குச்சிகளில் சாண் நீளத்துக்கு மூன்று மாதிரிகள் செய்து காய வைத்தார். மறுநாள் இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து ஒவ்வொன்றையும் அழுத்தச் சொன்னார். நடுத்துண்டு இல்லாதது ஒரு விரலுக்கே போயிற்று. படுத்த இழை போட்டது கொஞ்சம் தாங்கி, இழை வழியே பிளந்தது. நின்ற இழை போட்டதன்மேல் இஸ்திரிப் பெட்டியையே வைத்தோம், அசையவில்லை. இத்தனைக்கும் மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை. பொறியியல் கல்லூரியில் பாடமாகப் படித்து, தேர்வெழுதி, மறந்தே போன ஒரு விஷயம் அன்று அந்த மாடியில் கைக்கு வந்தது.

எடை விஷயத்தில் மனிதர் கஞ்சன். அவென்யூ ரோட்டில் வாங்கிய நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருந்தார். ஒரே அளவில் லேசர் வெட்டிய ரிப்புகள்கூட ஒரே எடை இருப்பதில்லை. மரத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஒன்று கனக்கும், ஒன்று பறக்கும். எல்லாவற்றையும் நிறுத்து, ஜோடி சேர்த்து, இடது இறக்கையும் வலது இறக்கையும் சம எடை வரும்படி பிரித்தோம். வாலுக்கு என்று மிக லேசான துண்டுகளைத் தனியே எடுத்து வைத்தார். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் போட வேண்டிவரும் என்பது கணக்கு. தேய்க்கிற உப்புத்தாள் தூசியைக்கூட அவர் நிறுத்துப் பார்த்ததுண்டு. இது கொஞ்சம் அதிகம்தான்.

பசையில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஃபெவிக்விக் போட்டால் நொடியில் ஒட்டும், கண் எரியும். நான் அவசரக்காரன். அவர் ஸ்பாருக்கு ஃபெவிகால்தான் என்றார். ராத்திரி முழுக்கக் காய வேண்டும். உடனே ஒட்டும் பசை கண்ணாடி மாதிரி இறுகிவிடும்; அதிர்ச்சி வந்தால் தெறிக்கும். வெள்ளைப் பசை மரத்தோடு கூடவே வளையும். “அவசரம்னா சார் வேற யாரையாவது கூப்பிட்டுக்கலாம்” என்றார். ‘சார்’ வந்துவிட்டதால் நான் பேசவில்லை. இஞ்சினைத் தாங்கும் முன்பலகைக்கு மட்டும் அரால்டைட்.

இஞ்சின் என்றேனே, கடைசியில் அது மோட்டார்தான். இதில் அவருக்கு என்மேல் வருத்தம். இந்த அளவு விமானத்துக்கு அப்போது பலரும் போட்டது சின்ன குளோ இஞ்சின். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். முதல் உலகப்போர் விமான இஞ்சின்கள் பலவற்றுக்கும் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் விளக்கெண்ணெய்தான். அந்தப் புகை வாசனை வந்தாலே பழைய ஆட்கள் கண் மின்னும். ஆனால் மெத்தனால் வாங்கி அபார்ட்மென்டில் வைப்பது நடக்காத காரியம். எனவே பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி. வயர், கனெக்டர், சாமான் எல்லாம் எஸ்.பி. ரோட்டில். மோட்டார் பொருத்தும்போது மாமா ஒரு கேள்வி கேட்டார்: “இந்தக் கணக்கெல்லாம் கடல்மட்டத்துக்குப் போட்டது. நாம எங்க இருக்கோம்?” பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி இங்கே சென்னையைவிட எட்டு சதவீதம் அளவுக்குக் குறைவு. வெயில் நாளில் இன்னும் குறையும். விசிறிக்குப் பிடி குறையும். இறங்கும் வேகம் கூடும். ஒரு அளவு பெரிய விசிறி வாங்கினேன்.

பால்சாக் கூடு மாதிரி நின்ற விமானத்துக்குத் தோலாகப் போடுவது, சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம். இதற்குத் தனி இஸ்திரிப் பெட்டி உண்டு, எங்களிடம் இல்லை. வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் பனியன் துணி சுற்றினோம். சூடு கூடினால் ஃபிலிம் ஓட்டை விழும், குறைந்தால் சுருக்கம் விழும். மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்தது வெயிலில் தொளதொளக்கும். வெள்ளையும் ஆரஞ்சும் போட்டோம். ஆகாயத்தில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரிய அடியில் மட்டும் ஆரஞ்சு. அந்த இஸ்திரிப் பெட்டியில் அதன்பிறகு ஒரு சட்டையும் தேய்க்க முடியவில்லை. அதைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

ஹொஸ்கோட்டைப் பக்கம் கோடையில் வறண்டு கிடக்கும் ஒரு ஏரித்தளம்தான் மைதானம். ஞாயிறு விடிகாலையில் ஏழெட்டுப் பேர் கார் டிக்கியில் விமானம் வைத்துக்கொண்டு வருவார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். நின்றது. மாமா பெருமூச்சு விட்டார். தராசுக்குக் கிடைத்த வெற்றி. ரேடியோ தூரம் சோதித்து, ஸ்டிக்கை வலது தள்ளினால் வலது இறக்கைப் பட்டை மேலே போகிறதா என்று இரண்டு முறை பார்த்து, பழக்கப்பட்ட ஒருவர் கையில் முதலில் கொடுத்தோம். முதல் பறப்புக்கு ‘மெய்டன்’ என்று பெயர். மண்ணில் கொஞ்சம் ஓடி, தானாகவே எழுந்து, பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்த பக்கம் போனது. அவர் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கைகளைக் காட்டினார். நேராகவே போய்க்கொண்டிருந்தது.

மாமா, “எங்க இருக்கு?” என்றார். சுட்டிக் காட்டினேன். “தெரியலை. சத்தமும் கேக்கலை. இதுக்குத்தான் தம்பி, இஞ்சின் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!”

அவரைத் தேற்றுவதற்காகத்தான் மேனார்ட் ஹில் கதையைச் சொன்னேன். அமெரிக்கர். 77 வயதில் சட்டப்படி பார்வையற்றவர் என்று சான்று பெறும் நிலை. காதும் சரியாகக் கேட்காது. பால்சாவில் ஒரு விமானம் கட்டினார். எரிபொருளோடு சேர்த்து சுமார் ஐந்து கிலோ. 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து ஏவினார்கள். வழிகாட்டியது ஆட்டோபைலட். விமானம் 38 மணி 52 நிமிடம் பறந்து, அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்துக் கடற்கரையில் இறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர். ஒரு காலன்கூடச் செலவாகவில்லை. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஸ்பாருக்கு என்ன பசை போட்டார்?” என்றார்.

ஒரு நாள் இறங்கும்போது பக்கக் காற்று அடித்து, விமானம் சீமைக்கருவேலத்தில் போய் உட்கார்ந்தது. வலது இறக்கை முனையிலிருந்து முழ நீளத்துக்கு ஸ்பார் முறிவு. பக்கத்தில் நின்ற இளைஞர் தன் ஃபோம் விமானத்தைக் காட்டி, “இது போனா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குவேன் சார்” என்றார். நான் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தேன். மாமா முறிந்த குச்சியைச் சரிவாகச் சீவினார். தடிமன் ஒரு பங்கு என்றால் சரிவு பன்னிரண்டு பங்கு நீளம். நிஜ மர விமானங்களைப் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் விகிதம் அது. புதிய குச்சியையும் அதே போலச் சீவி, இரண்டு சரிவையும் முகத்தோடு முகம் ஒட்டி, துணிக்கிளிப் போட்டு இறுக்கினார். பசைக்குப் பரப்பு கூடுவதால் ஒட்டு ஏறக்குறைய மரத்தளவுக்கே பலம். அந்த இறக்கை பிறகு அந்த இடத்தில் ஒடிந்ததே இல்லை. கிட் விமானம் கட்டியவனுக்கு உள்ளே எந்தக் குச்சி எங்கே ஓடுகிறது என்று தெரியும். அதனால் எதையும் திரும்பக் கட்டலாம். பறக்கத் தயாராக வாங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் வேண்டுமானால் என்னைவிட நன்றாகப் பறப்பார். அது வேறு திறமை.

2018-இல் நடிகர் அஜித்குமார் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ குழுவுக்கு ஆலோசகராகி, அந்தக் குழு ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியதிலிருந்து, ஊர்க் கல்யாணங்களில் என் மரியாதை கூடிவிட்டது. அதுவரை பொம்மை வைத்து விளையாடுகிற மாப்பிள்ளை. அதன்பிறகு ‘அஜித் மாதிரி’. ஆனால் பெங்களூரில் பறக்க இடம்தான் குறைந்துகொண்டே வருகிறது. ஏரித்தளங்கள் சிலவற்றில் தண்ணீர் நிறைந்தது, அது நல்லதுதான். சில லேஅவுட் ஆயின, அது நல்லதில்லை. 2021-இல் வந்த டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்ணில் படும் தூரத்துக்குள் ஓட்டும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானங்களை ஏற்று, வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று விலக்கும் தந்திருக்கின்றன. சரிதான். ஆனால் இயங்கும் விமான நிலையத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் தரைமட்டத்திலிருந்தே அனுமதி வேண்டும். எச்.ஏ.எல்., ஜக்கூர், எலஹங்கா, தேவனஹள்ளி என்று நான்கு விமானத்தளம் உள்ள ஊரில் வட்டம் போட்டுப் பார்த்தால் கிழக்கிலும் வடக்கிலும் பெரும்பகுதி அடங்கிவிடும். லக்‌ஷ்யா போன்ற ஆளில்லா விமானங்களை வடிவமைத்த ஏ.டி.இ. என்ற அரசு ஆய்வகம் இருக்கும் ஊர், மருத்தை மரத்தில் பறக்கவிட்டுப் பார்த்த ஊர், தன் பிள்ளைகளுக்கு ஒரு பால்சா விமானம் விட முறையான மைதானம் ஒதுக்கவில்லை.

கேட்பது பெரிதில்லை. நகரத்தின் தெற்கிலோ மேற்கிலோ கட்டடமும் மின்கம்பியும் இல்லாத ஒரு கிலோமீட்டர் பொட்டல், ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை, அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ டிரோன் வரைபடத்தில் அதிகாரபூர்வமாகக் குறித்து. மாநில அரசோ என்.சி.சி.யோ யாராவது முன்வந்தால் போதும். புல் வெட்டுகிற செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மைதானம் வருகிற வரைக்கும் கட்டுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. வீட்டில் விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ஒரு மரக் கிட் வாங்கிக் கொடுங்கள். சாஃப்ட் போர்டும் குண்டூசியும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். வெட்டுவதற்கு 11-ஆம் நம்பர் சர்ஜிகல் பிளேடு, மருந்துக் கடையில் கேளுங்கள். ஸ்பாருக்கு மட்டும் ஃபெவிகால்.